இரண்டாம் பக்கத்தில் வாசித்தவன்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இப்போது இருக்கிற கோபத்தில் விசாரித்தால் அதுவும் சண்டைக்கு இழுப்பது போல இருக்கும்.

இது நான் உனக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் நீ பதில் போடவில்லை. சித்தப்பா அம்மாவுக்கு எழுதுவதை வைத்துத்தான் உன்னைப் பற்றித் தெரிகிறது. இடது மணிக்கட்டில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததாம், தையல் பிரித்தாகிவிட்டதாம், அந்தக் கையாலேயே ஸ்பூன் பிடிக்கப் பழக்குகிறார்களாம். அம்மா அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை படிக்கிறாள். போகட்டும். எனக்கு நீ பதில் போடாததை நான் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் நீ பதில் போட்டே ஆக வேண்டும்.

நம் இரண்டாவது இசைத்தட்டிலிருந்து உன்னை அழிக்கப் போகிறார்கள்.

நான் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்காதே. வேன் கவிழ்வதற்கு முந்தைய வாரம் நாம் ஐந்து பேரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நீளப் பாட்டை ஒரே மூச்சில் வாசித்தோமே, பதினெட்டு நிமிஷமும் யாரும் நிறுத்தாமல், ஐந்தாவது டேக்கில்? முடிந்ததும் ஒலிப்பதிவாளர் சிகரெட் பற்ற வைக்க மறந்து உதட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதைத்தான் சொல்கிறேன். அந்த டேப்பில் என் சாக்ஸபோன் இருக்கும், வாத்தியாரின் கிட்டார் இருக்கும், உன் அத்தானின் பேஸ் இருக்கும், மருந்துக்கடைக்காரரின் எலெக்ட்ரிக் பியானோ இருக்கும். உன் டிரம்ஸ் மட்டும் இருக்காது. டேப்பில் காலியாக இருக்கும் ஒலித்தடங்களில் வேறு ஒரு ஆளை வாசிக்க வைத்து, அது ஒழுங்காக வந்ததும் உன் தடங்களைத் துடைத்துவிடுவார்களாம்.

கம்பெனி மேலாளரை உனக்கு ஞாபகம் இருக்கும். கோட்டுப் பையில் சீப்பு வைத்திருப்பவர். போன வாரம் வந்தார், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து நீளப் பாட்டை ஆறு நிமிஷம் கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுல எங்கம்மா கை தட்டறது?" என்று கேட்டார். பதினொன்று வரை எண்ணிவிட்டுத் தட்டுங்கள் சார் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். மனிதர் முயற்சியும் செய்தார். ஒன்பதில் ஒரு தட்டு, பதின்மூன்றில் ஒரு தட்டு. மூன்றாவது தடவை கையைத் தூக்கியவர் அப்படியே பைக்குள் விட்டுச் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். "கேக்கறவங்க என்ன விரல் விட்டு எண்ணிக்கிட்டா கேப்பாங்க?" என்றார். முதல் பக்கத்தில் ஜனங்கள் கை தட்டுகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மேலாளர் அப்படித்தான், அவரிடம் நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாத்தியார்? ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவிட்டு, சாக்பீஸ் தூள் படிந்த விரலோடு வந்து, கட்டம் போட்ட தாளில் நமக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறவர். அந்தப் பதினொன்று எண்ணிக்கைத் தாளத்தை வாசிக்க இந்த ஊரில் ஆள் இல்லை என்று அவர் கவலைப்பட்டபோது, நீ டிபன் பெட்டி மூடியில் "தகதிமி தகதிமி தகிட" என்று தட்டிக்கொண்டே, "நடக்கிற மாதிரிதானே சார் இருக்கு?" என்று கேட்டாயே, அன்று உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டவர் அவர்தான். அதே மனிதர் நேற்று எல்லோர் முன்னாலும், "டிரம்ஸை மட்டும் மாத்திடலாம். கம்பெனி கேக்குது. மேடையில ஒருத்தர், தட்டுல ஒருத்தர்னு இருந்தா நல்லா இல்ல," என்கிறார். குரலை உயர்த்தக் கூட இல்லை. தேர்வு தேதி சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நீங்கள் துரோகி என்று சொன்னேன். அடிபட்டுக் கிடக்கிற பிள்ளையை முதுகில் குத்துகிறீர்கள், இந்தக் கையால் எப்படிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. உன் அத்தான் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீ சொல்றதும் சரிதாம்மா," என்று சொல்லிவிட்டு கிட்டாரைச் சுருதி சேர்க்கப் போய்விட்டார். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும். உன் அத்தான் எப்போதும் போல என் பக்கமும் தலையாட்டினார், அவர் பக்கமும் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

புதிதாக வந்திருக்கும் ஆளுக்கு நான் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். கம்பெனிக்கு வாடிக்கையாக வாசிக்கிறவர். ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து நிற்பார். உன் ஸ்டூலின் உயரத்தைத் திருகிக் குறைத்துவிட்டார். அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தப்பு இல்லை, ஒரு உயிரும் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டி, வாத்தியாரின் கட்டத் தாளை எதிரே வைத்துக்கொண்டு, நீ வாசித்ததன் மேல் வாசித்துப் பார்க்கிறார். பன்னிரண்டாவது நிமிஷத்தில், நான் நடுவில் நுழைகிற அந்த இடம் வந்தால் மட்டும் தடம் புரண்டுவிடுகிறார். நேற்று மூன்று தடவை புரண்டார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்தேன். என்னை நீ கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை, அது எனக்கு இனிப்பாக இருந்தது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் நம் ஐந்து பேர் கையெழுத்தும் இருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் உன் தடங்களைத் தொடக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் அவருக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டு வந்து சொன்னார். "நான் வாசித்ததை அழிக்க எனக்குச் சம்மதம் இல்லை" என்று கம்பெனிக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் கடிதம் அங்கே வர ஒரு வாரம், உன்னுடையது இங்கே வர ஒரு வாரம். அதுவரை நான் எப்படியாவது இழுத்தடிக்கிறேன். இன்றைக்கே பல்வலி என்று சொல்லிப் பாதியில் கிளம்பிவிட்டேன். நாள் முழுக்க ஊருக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவளுக்குப் பல்வலி என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அம்மா நலம். முழங்கால் வலி அப்படியே. உன் அறையைத் தினமும் பெருக்குகிறாள். நீ சாப்பிடுகிறாயா? கை இரவில் வலிக்கிறதா என்று சித்தப்பா எழுதுவதே இல்லை. அதையும் எழுது.

இப்படிக்கு,
உனக்காகச் சண்டை போட்டுத் தொண்டை கட்டிப்போன
அக்கா


வெள்ளிக்கிழமை

தம்பிக்கு,

கம்பெனிக்கு உன் கடிதம் வரும் என்று பதினேழு நாள் காத்திருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்று காலை எனக்குத் தெரிந்தது.

கடிகாரம் மறுபடி அதே இடத்தில் விழுந்தார். தாளில் ஏதாவது தப்பாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார் ஒலிப்பதிவாளர். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணக் கீழே போயிருந்தார். அவருடைய ஃபைலை நான்தான் திறந்தேன். கட்டத் தாள்களுக்கு நடுவே ஒரு வெளிநாட்டு உறை. அனுப்பியவர் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உன் 'ழ' ஒன்றே போதும், வாலை நீட்டிப் பக்கத்துச் சொல்லில் கொண்டுபோய் இடித்து வைப்பாயே.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். படித்தேன். உனக்கு மறந்திருந்தால் இதோ நீ எழுதியது: 'நீளப் பாட்டில் என் டிரம்ஸ் வேண்டாம் சார். துடைத்துவிட்டு வேறு ஆளை வைத்து வாசியுங்கள். அந்தக் கை இப்போது இல்லை. இல்லாத கையை ஊரே கேட்டுப் பாராட்டிக்கொண்டிருக்க, நான் இங்கே ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்க முடியாது. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். கம்பெனி சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அவள் தன்னையே நொந்துகொள்வாள்.'

தேதி பார்த்தேன். என் இரண்டாவது கடிதம் உன் கையில் கிடைத்திருக்க வேண்டிய அதே வாரம். ஆக, எழுத முடியாமல் இல்லை. தாள் இருந்தது, பேனா இருந்தது, தபால் தலை ஒட்டச் சித்தப்பா இருந்தார். எனக்கு எழுதத்தான் உனக்கு ஒன்றும் இல்லை. நான் இங்கே தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே பல்லுக்கு ஊற்றிய மெழுகை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நொந்துகொள்வாளாம். உன்னை யார் கேட்டார்கள்? நான் எதற்கு நொந்துகொள்ள வேண்டும், எதற்குக் கூடாது என்று முடிவு செய்ய நீ யார்?

இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதாததை எழுதிவிடுகிறேன். வண்டியை ஓட்டியது நான். மழை, வளைவு, எதிரே வந்த லாரி எல்லாம் அப்புறம். பட்டப்பகல். ஸ்டியரிங் என் கையில் இருந்தது, உன் கை ஜன்னல் பக்கம் இருந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. உதடு கூடப் பத்திரமாக இருந்தது, மறுநாளே சாக்ஸபோன் வாசித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும், "அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பேசாமல் மூட்டை கட்டினாய், சித்தப்பாவோடு விமானம் ஏறினாய். நீ பெரிய மனுஷத்தனமாக நடந்துகொள்வதாக நினைத்திருப்பாய். இங்கே இருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

நான் கடிதமும் கையுமாக நிற்கும்போது வாத்தியார் மேலே வந்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அவன் சொல்ல வேணாம்னான். நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார். இத்தனை நாள் துரோகி துரோகி என்று வாய் வலிக்கத் திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். "திட்டறதுக்கு உனக்கும் ஒரு ஆள் வேணும்ல?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்காதே. வாய் வரவில்லை. அவர் மேசையில் திருத்தாமல் கிடந்த கணக்குத் தாள்களில் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்து, விடைகளைச் சரிபார்த்துக் கூட்டி வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கு அதிக மார்க் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

சரி. உன் இஷ்டப்படியே ஆகட்டும். அது உன் கை, உன் வாசிப்பு. வைத்துக்கொள்ளச் சொல்ல நான் யார்? கடிகாரம் அந்த ஒரு இடத்தைச் சரியாக வாசித்துவிட்டால் வருகிற புதன்கிழமை உன் தடங்களைத் துடைக்கப் போகிறார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன்.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. உன்னைப் போலவே நானும் மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், சந்தோஷம்தானே?

இப்படிக்கு,
அக்கா
(அப்படி ஒருத்தி உனக்கு இருப்பது ஞாபகம் இருந்தால்)


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தை எழுதி ஆறு வாரம் ஆகிறது. அதில் இருந்த ஒரு வரியையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். மற்றவர்கள் யாராவது அழகுபடுத்தி எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதரைக்கெல்லாம் எல்லாம் தயாராகிவிட்டது. நான் சாக்ஸபோனைக் கொண்டுபோகவில்லை. வேலைக்குப் போகிற உடுப்பில், விரல் நகத்தில் மெழுகோடு, கட்டுப்பாட்டு அறையின் மூலையில் நின்றேன். கடிகாரம் உள்ளே போய் உட்காரவில்லை. துடைப்பதற்கு முன் பழைய டிரம்ஸைத் தனியாக ஒரு தடவை கேட்க முடியுமா என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டார், கூடவே சாக்ஸபோனை மட்டும் சன்னமாக வைக்கச் சொன்னார். பதினோராவது நிமிஷத்திலிருந்து ஓட விட்டார்கள். அவர் கட்டத் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே வந்தார். நான் நுழையும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் நின்றது.

"சார், இங்க பதினொண்ணுன்னு போட்டிருக்கு. இவர் பத்துதான் வாசிக்கிறார்," என்றார் வாத்தியாரிடம்.

என் தம்பி தப்பாக வாசிக்க மாட்டான் என்று நான் பாய்ந்தேன். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தும் வாய் அதைத்தான் சொன்னது, பார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அவர் தப்பா வாசிக்கலைங்க. நீங்க ஒண்ணு முன்னாடியே வந்துட்டீங்க. அவர் உங்களுக்காக ஒண்ணை முழுங்கிட்டார். அவர் பின்னாடியே எல்லாரும் வந்துட்டாங்க. அதான் நான் எண்ணி வாசிச்சா இடிக்குது," என்றார்.

நான் நம்பவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். சாக்ஸபோனையும் நிறுத்திவிட்டு உன் தடங்களை மட்டும் போடச் சொன்னேன். சிம்பலுக்கு மேலே தொங்கிய மைக்கில் நீ வாய்க்குள் எண்ணுவது கேட்கிறது, தெரியுமா? மற்ற வாத்தியங்களோடு கேட்டால் தெரியாது. தனியாகக் கேட்டால் நீ காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. தகதிமி தகதிமி தகிட, தகதிமி தகதிமி தகிட என்று போய்க்கொண்டே இருக்கிறாய். அந்த இடத்தில் மட்டும், 'தகதிமி தகதிமி தக'. அவ்வளவுதான். 'தகிட' வர வேண்டிய இடத்தில் 'தக' என்று மடக்கி ஒன்றை விழுங்கிவிட்டு, பெரிய சிம்பலை அடித்து என்னை உள்ளே வாங்கிக்கொள்கிறாய். அடித்ததும் மூக்கால் ஒரு சிரிப்பு.

அந்த நுழைவைப் பற்றி நான் எவ்வளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன்! உன் அத்தானிடம், மருந்துக்கடைக்காரரிடம், எங்கள் பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்க வரும் பெண்ணிடம் கூட. 'நான் வரும்போது கதவை உதைத்துத் திறந்த மாதிரி இருக்கும் கேள்' என்று. திறந்து விட்டவன் நீ. டேக் முடிந்ததும் என்னிடம் சொல்லியிருக்கலாம். அக்கா, ஒன்று முன்னால் வந்துவிட்டாய், இன்னொரு டேக் போகலாம் என்று. நீ வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர்க்கா," என்று மட்டும் சொன்னாய். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, தம்பி. அவமானத்தில் பாதி, உன்மேல் கோபத்தில் பாதி. வாத்தியாரைப் பார்த்து உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அன்னிக்கே தெரியும். நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்," என்றார். மூன்று வாரமாக அந்த அப்பாவி மனிதர் என் தப்பில் தடுக்கித் தடுக்கி விழுந்ததைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துடைக்கக் கூடாது என்று சொன்னேன்.

உடனே எல்லோரும் சரி என்று சொல்லிவிடவில்லை. வாத்தியார் உன் பக்கம் நின்றார், அதையும் நீ தெரிந்துகொள். "அவன் வேணாம்னு எழுதியிருக்கான். நம்ம ஆசைக்கு வச்சுக்க முடியாது. நாளைக்கு அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று விடாமல் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே பதிலைத்தான் சொன்னேன். அது அவனுடைய கை மட்டும் இல்லை சார். அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் நானும் இருக்கிறேன். இதைவிட நன்றாக நான் வாசித்ததே இல்லை, இனி வாசிப்பேனா என்றும் தெரியாது. கீழே அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் வாசித்தது. அவனை எடுத்துவிட்டு அங்கே வேறு யாரை வைத்தாலும் நான் பொய் ஆகிவிடுவேன். சுயநலம் என்று நீ சொல்லலாம். ஆமாம், சுயநலம்தான்.

அப்போது உன் அத்தான் பேசினார். ஆமாம், அவர்தான். சுவரில் சாய்ந்தபடியே, "துடைக்கறதா இருந்தா என்னோடதையும் துடைச்சிடுங்க. அவன் காலால மிதிக்கற டிரம்மைக் கேட்டுத்தான் நான் வாசிச்சேன்," என்றார். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் இரண்டு பக்கமும் தலையாட்டாமல் அவர் சொன்ன முதல் பேச்சு. மருந்துக்கடைக்காரர் என்னுடையதையும் என்றார். கடிகாரம் குச்சிகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "பத்துன்னு தெரிஞ்சிடுச்சு, இப்ப என்னால இதை வாசிக்க முடியும். வாசிக்க இஷ்டமில்ல," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மிகவும் சங்கடப்பட்டு மணி பார்த்தார்.

வாத்தியார் பென்சிலை எடுத்து, கட்டத் தாளில் அந்த இடத்தில் ஒரு கட்டத்தை அடித்து, பதினொன்றைப் பத்து என்று திருத்தினார். அத்தோடு முடிந்தது.

மேலாளரிடம் நடந்ததைச் சொல்ல இன்னொரு கடிதம் வேண்டும். கோட்டைக் கழற்றிவிட்டுக் கத்தினார். நானும் சளைக்காமல் கத்தினேன். கடைசியில் முதல் பக்கத்தை அவரிடம் விட்டுக்கொடுத்தோம். நாலு சின்னப் பாட்டு, டிரம்ஸ் கடிகாரம். அதில் ஒன்றில் ஜனங்கள் கை தட்டலாம், அவர் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். தட்டுக்கு 'ஆனந்த அலை' என்று பெயர் வைக்கப் பார்த்தார் பாவி. விடவில்லை. 'ஒற்றைப்படை' என்றுதான் அச்சாகியிருக்கிறது. இரண்டாம் பக்கம் முழுவதும் நீளப் பாட்டு. உறையின் பின்னால், டிரம்ஸ் என்பதற்கு எதிரே, இரண்டாம் பக்கத்துக்கு உன் முழுப் பெயர் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்களா என்று அச்சகத்துக்கே போய்ப் பார்த்தேன்.

தட்டு வெளிவந்து ஒன்பது நாள் ஆகிறது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்திரிகையில் ஆறு வரி எழுதியிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'சாக்ஸபோன் கலைஞர் துணிச்சலாக ஒரு எண்ணிக்கை முன்பாகவே நுழைவது இந்தத் தட்டின் சிகரம்.' அது துணிச்சல் இல்லை, தவறு, அதைச் சிகரம் ஆக்கியவர் டிரம்மர், அவர் பெயர் உறையின் பின்னால் இருக்கிறது, கண் இருந்தால் படியுங்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். போடவில்லை. நேரில் போய்க் கேட்டேன். சொந்தத் தட்டைக் குறை சொல்லி யாராவது கடிதம் போடுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான் அந்த உதவி ஆசிரியன். அடுத்த வாரம் மறுபடி போவேன்.

வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சத்தம் அதிகம் என்றாள். பாதியில் எழுந்து போய்த் துணி மடித்தாள். பக்கம் முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தபோது உள்ளேயிருந்து, "மறுபடி போடு," என்றாள்.

ஒரு பிரதியைச் சித்தப்பா விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அட்டைக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டியிருக்கிறேன், வளையாது. கேட்பதும் கேட்காமல் இருப்பதும் உன் இஷ்டம். கேட்டே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மறுபடி வாசிப்பாய் என்றும் எழுத மாட்டேன். அது டாக்டர்கள் சொல்ல வேண்டியது, அவர்களே தயங்குகிறார்கள் என்று சித்தப்பா எழுதியிருந்தார். நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததை நான் மீறிவிட்டேன். உன்னைக் கேட்காமல், தெரிந்தே செய்தேன். இது மன்னிக்கக் கூடிய காரியமா என்று எனக்குத் தெரியாது. வாத்தியாரைக் குற்றம் சொல்லாதே, மற்றவர்களையும் சொல்லாதே. செய்தது நான்.

ஆகவே இப்போது உனக்கு என்மேல் கோபப்பட வசதியான ஒரு காரணம் இருக்கிறது. இதற்கும் முன்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது, அது உனக்கும் எனக்கும் தெரியும். சிரித்து விழுங்கிவிட்டு 'சூப்பர்க்கா' என்று சொல்கிற வேலை இனி வேண்டாம், தம்பி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு தாளை எடு. உன் வலது கை நன்றாகத்தானே இருக்கிறது. 'வண்டியை நீதான் ஓட்டினாய், அக்கா' என்று முதல் வரி எழுது. அதற்குக் கீழே உன் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுது. பக்கம் பக்கமாக எழுது. வாத்தியாருக்கு எழுதாதே. எனக்கு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு. என்மேல் கோபமாகவாவது இரு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா